நல்லா இருக்கான்னு ஒரு வார்த்தை

ஓப்பலூசாஸ், லூசியானா
ஆகஸ்ட் 27, 1996
செவ்வாய்க்கிழமை

ரெமி அண்ணாவுக்கு டீனி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம் என்று சொல்லித்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்க வேண்டும் என்று அம்மா நமக்குப் பழக்கியிருக்கிறாள். என்னால் அப்படி எழுத முடியவில்லை. இங்கே யாரும் நலமாக இல்லை. நீ நலமாக இருப்பாய். உன் வேலை பத்திரமாக இருக்கிறதே.

லாவெல் சொல்லித்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். வடக்கே அந்தப் பனி ஊர் ஃபுட்பால் அணியிலிருந்து நேற்று ஃபோன் வந்தது. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அவர்களுடைய ஆட்கள் இரண்டு பேருக்கு ஒரே வாரத்தில் முழங்கால் போய்விட்டதாம். வியாழக்கிழமை விமானம் ஏறி வாருங்கள், வெள்ளிக்கிழமை ஓடவிட்டுப் பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் பழைய அணியைக் கூப்பிட்டு ஆள் எப்படி என்று விசாரிப்பார்கள். அந்த ஃபோனை எடுக்கிற மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பது நீ. என் வீட்டுக்காரருக்கு மிச்சமிருக்கிற ஆட்டம் உன் வாயில் இருக்கிறது. 'நல்லா இருக்கான்' என்று நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்கச் சொன்னது.

ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கூடத்து ஃபோனில் நான் பேசினால் படுக்கையறை ஃபோனை எடுத்து அவர் கேட்பார். அதுவும் தவிர, உன் குரலைக் கேட்டால் நான் கத்துவேன், நீ அழுவாய், நீ அழுதால் என் கோபம் போய்விடும். சின்ன வயதிலிருந்து நீ இப்படித்தான் என்னிடமிருந்து தப்பித்திருக்கிறாய். "ஃபோன்ல ஆளு நழுவிடுவான், எழுதிப் போட்டா நழுவ முடியாது" என்று அவரிடம் சொன்னேன். அவரும் சரி என்றார். எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன், நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும். கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்கிறேன். அதுவரை நான் சொல்வதையெல்லாம் நீ படித்தாக வேண்டும். பக்கத்தைத் திருப்பிக் கடைசிக்குப் போகாதே. போவாய் என்று தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. ஜோசெட்டுக்கு முன்பல் விழுந்துவிட்டது. மாமாவுக்குக் காட்ட வேண்டும் என்று கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு தினமும் கேட்கிறாள். மாமா ஊரில் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவுக்குப் பாதி விஷயம்தான் தெரியும். மாப்பிள்ளையை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று தெரியும். போய்க் கதவைத் தட்டியது தான் பெற்ற பிள்ளை என்று தெரியாது. அவளுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது, அதனால் சொல்லவில்லை. உன்மேல் இரக்கப்பட்டு அல்ல.

பத்திரிகையில் செய்தி வந்ததிலிருந்து மாதாகோயில் பெண்கள் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறார்கள். சுட்ட பன்றித்தொடை, மக்ரோனி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்பு. சாவு விழுந்த வீட்டுக்குக் கொண்டுவருவது மாதிரியே மூடியில் பெயர் எழுதி ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். திருமதி ஃபோந்தெனோ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எப்படி இருந்த மனுஷன்மா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த மனுஷன் அப்போது ஜன்னலுக்கு வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். மெஷினை இன்னும் சத்தமாக வைத்துக்கொண்டார்.

இனி, நீ கடைசியாக இங்கே வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை.

பயிற்சி முகாமில் உங்களுக்கு அரைநாள் லீவு. நீயும் லாவெலும் ஒரே காரில் வந்தீர்கள். நான் வெண்டைக்காயும் இறாலும் போட்டுக் குழம்பு வைத்திருந்தேன். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாய். "அம்மா வைக்கிற மாதிரியே இருக்குடி" என்றாய். ஜோசெட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றினாய். பின்கதவு வலை கிழிந்திருக்கிறது என்று நீயாகவே ஆணி தேடி எடுத்து அடித்துக்கொடுத்தாய். கிளம்பும்போது லாவெலின் முதுகில் ஓங்கி அடித்து, "மாப்ள, இந்த வருஷம் ரோடு பூரா உனக்குத்தான்" என்றாய். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

யாரை வெளியே அனுப்புவது என்று அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையிலேயே முடிவாகிவிட்டதாம். துணைக் கோச்சின் மனைவி இவோன் சொன்னாள். அந்த அறையில் நீயும் இருந்தாயாம். அப்படியென்றால் என் வீட்டு மேசையில் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்ட ஒவ்வொரு கவளத்திலும் உனக்கு அது தெரியும். நீ பேசாமல் இருந்திருந்தாலும் ஒருவேளை பொறுத்திருப்பேன். ரோடு உனக்குத்தான் என்று எதற்காகச் சொன்னாய்? அதை யார் உன்னைச் சொல்லச் சொன்னார்கள்?

இரண்டு நாள் கழித்து, போன செவ்வாய்க்கிழமை நடந்ததை லாவெல் எனக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னார். முகாமில் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் அலுவலக ஆள் ஒருவன் கதவைத் தட்டி, கோச் கூப்பிடுகிறார், ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். அணியின் வியூகமெல்லாம் அதில்தான் இருக்கிறது என்பதால் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிக் கூப்பிட வருகிறவனுக்கு உங்கள் ஆட்கள் வைத்திருக்கிற பெயர் தலைவெட்டி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் கழுத்து போய், ஆட்டத்தை விட்டு அலுவலகத்தில் சேர்ந்தபோது, அந்த வேலையும் உன் தலையில்தான் விழுந்தது என்று சொல்லி நீயே சிரித்தாய். "நம்ம கதவைத் தட்டுனா நான் திறக்க மாட்டேன் மச்சான்" என்று லாவெல் கேலி செய்தார்.

ஆனால் திறந்தார். வேறு யாருக்கும் திறக்காவிட்டாலும் உனக்குத் திறப்பார். "வா மச்சான், காப்பி இருக்கு" என்றாராம். நீ வாசலிலேயே நின்று, "கோச் கூப்பிடுறாரு" என்றாயாம். எதற்கு என்று கேட்டுக்கொண்டே அவர் செருப்பைத் தேடியிருக்கிறார். "புத்தகத்தையும் எடுத்துக்க" என்றாயாம். அப்போதும் அவர் நம்பவில்லை. "காலங்காத்தால வெளையாடாத மச்சான்" என்று சிரித்திருக்கிறார். நீ தரையைப் பார்த்துக்கொண்டே, "எடுத்துக்கிட்டு வா மாப்ள" என்றாயாம். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி நடித்தானாம். வெட்டுப்பட்டவனை யாரும் பார்க்கக்கூடாது என்று உங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறதே, அது. சாமானை எடுத்துக்கொண்டு நடையில் வரும்போது எதிரில் வந்த அத்தனை பேரும் ஷூ கயிறு கட்டக் குனிந்துவிட்டார்களாம். எட்டு வருஷம் அவர்களோடு விளையாடியவர் அவர்.

பத்திரிகைக்கு மேலாளர் சொன்னதைப் படித்திருப்பாய். வேகத்தில் ஓர் எட்டு குறைந்துவிட்டது, இருபத்தொன்பது வயதாகிறது, அவர் செய்ததையெல்லாம் மறக்க மாட்டோம் என்று ஒரு பத்தி. இருபத்தொன்பது வயதில் என் வீட்டுக்காரர் கிழவர். இதே மேலாளர்தான் போன கிறிஸ்துமஸுக்கு ஜோசெட்டை மடியில் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். அந்த ஆளைப்பற்றி எனக்கு ஆச்சரியம் இல்லை. அவர்கள் வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள். நீ யார் என்பதுதான் எனக்கு இப்போது தெரியவில்லை.

நீதான் அவரை நம் வீட்டுக்குக் கூட்டிவந்தாய். கல்லூரி நாளில் நன்றி தெரிவிக்கும் பண்டிகைக்கு வந்தபோது, "இவன் பேரு லாவெல். எப்பவும் என் முதுகுக்குப் பின்னாடியே ஓடுறவன். சோறு போடுங்க" என்று வாசலில் நிறுத்தினாய். அவருக்கு என் முகத்தைப் பார்க்கக்கூட வெட்கம். தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அம்மா உன்னைத் தனியே கூப்பிட்டு இந்தப் பையன் ஊமையா என்று கேட்டாள்.

அதன்பிறகு ஆறு வருஷம் இந்த அணியிலும் நீ முன்னால், அவர் பின்னால். நீ போய் எதிரில் வருகிறவனை நெஞ்சால் இடித்து ஒதுக்குவாய். நீ திறந்த சந்தில் அவர் புகுந்து போவார். கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தும். நீ எங்காவது அடியில் கிடப்பாய். மற்றவர்கள் மறந்தாலும் அவர் மறக்க மாட்டார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து உன்னைக் கைகொடுத்துத் தூக்கிவிட்ட பிறகுதான் தன் இடத்துக்குப் போவார். எப்படி அத்தனை பேர் நடுவில் வழி தெரிகிறது என்று ஒருமுறை கேட்டேன். "நான் எங்க வழியப் பாக்குறேன்? உங்கண்ணன் முதுகத்தான் பாக்குறேன்" என்றார். அதிகம் ஓடிய வருஷத்தில் முன்வரிசை ஆட்களுக்கெல்லாம் தோல் சட்டை வாங்கிக்கொடுத்தார். உனக்கு மட்டும் மீன்பிடிப் படகு. உன் அடுக்குமாடியில் நிறுத்த இடமில்லை என்று அது எங்கள் கொல்லையிலேயே நிற்கிறது. நீ வரும்போதெல்லாம் அதைத் துடைத்துவிட்டுப் போவாய்.

இப்போது ஜூன் மாதத்துக்கு வருகிறேன். நண்டு வேகவைத்த அன்று, லாவெல் ஐஸ் வாங்கப் போயிருந்தபோது, அடுப்பங்கரையில் உன்னிடம் சொன்னேனே, அதற்கு.

வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். ஏப்ரலில் ஒருநாள் ஜோசெட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போனவர், அரைமணி தூரம் தாண்டி லஃபாயெட்டில் ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து ஃபோன் செய்தார். "டீனி, நான் எதுக்குடி இங்க வந்தேன்?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வெயில் நாட்களில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தலையில் ஈரத்துணியோடு படுத்திருக்கிறார் என்று சொன்னேன். கேட்ட கேள்வியையே சாப்பிட்டு முடிப்பதற்குள் நான்கு தடவை கேட்கிறார் என்று சொன்னேன். அப்போது நீ நண்டை உடைத்துக்கொண்டே, "தலையில அடி வாங்குனா அப்படித்தான்டி இருக்கும், எங்களுக்கெல்லாம் உண்டு" என்றாய். பிறகுதான் அந்தப் பிளாஸ்திரி விஷயத்தைச் சொன்னாய்.

அடிபட்டு எழுந்தவனிடம் மைதானத்து ஓரத்தில் வைத்தியர் இது எந்த ஊர், எதிர் அணி எது என்று கேட்பார். சரியாகச் சொன்னால் மறுபடி உள்ளே போகலாம். அதனால் மணிக்கட்டில் சுற்றுகிற வெள்ளைப் பிளாஸ்திரியில் ஊர் பெயரையும் எதிர் அணியின் பெயரையும் முன்பே எழுதிவைத்துக்கொள்வீர்களாம். லாவெலுக்கு எழுதிக்கொடுத்தது நீயாம். துவைக்கப் போட்ட துணியோடு அந்தப் பிளாஸ்திரி எத்தனையோ முறை என் கைக்கு வந்திருக்கிறது. ஊர் பேரைக்கூட எழுதி வச்சுக்கணுமா என்று நானே கேலி செய்திருக்கிறேன். "ஊர் ஊரா சுத்துறோம்ல" என்று நீங்கள் இருவரும் ஒரே குரலில் சொல்லியிருக்கிறீர்கள். அன்றைக்கு அடுப்பங்கரையில் எனக்கு உன்னை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அடிக்கவில்லை. உன்னிடம் கெஞ்சினேன். "நீ சொன்னா அவர் கேப்பாரு. உக்கார வச்சுப் பேசு. டாக்டர்கிட்ட நீயே கூட்டிக்கிட்டுப் போ" என்றேன். நீ என் தலையில் கைவைத்து, "நான் பாத்துக்கிறேன்" என்றாய்.

பார்த்துக்கொண்டாய். நேராக அணி அலுவலக மாடிக்குப் போய் மேலாளரிடம் சொன்னாய்.

பதில் பேசும் மெஷினில் நீ விட்டுவைத்த செய்தியைக் கேட்டேன். "அவனைக் காப்பாத்தத்தான் செஞ்சேன் டீனி. உள்ள விட்டிருந்தா செத்துப்போயிருப்பான்" என்று அழுதுகொண்டே சொல்லியிருந்தாய். நான் ஒன்று கேட்கிறேன். காப்பாற்றுகிறவன் ஆளிடம் சொல்வானா, ஆளை வாங்குகிறவனிடம் சொல்வானா? நீ சொன்னதை வைத்து அவர்கள் ஒரு டாக்டரிடம் அனுப்பினார்களா? ஒரு படம் எடுத்தார்களா? அவருக்குத் தலையில் கோளாறு என்று முகாமில் ஒரு காகிதத்தில் ஏறிவிட்டால் அப்புறம் அவரை அனுப்ப முடியாது, வைத்தியம் பார்க்க வேண்டும். அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் காகிதத்தில் ஏறுவதற்கு முன்னால் வேகம் குறைந்துவிட்டது என்று சொல்லி வெளியே தள்ளிவிட்டார்கள். அதற்குக் கதவைத் திறந்துகொடுத்தது நீ. உனக்கு மாடியில் ஜன்னல் வைத்த அறை கொடுத்திருக்கிறார்கள் என்று இவோன் சொன்னாள். ஜன்னல் வழியாக மைதானம் தெரிகிறதா அண்ணா?

பெட்ரோல் பங்கிலிருந்து ஃபோன் செய்தது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். கோச்சின் அறையில் யாரோ லஃபாயெட் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்களாம். அவர் வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீயும் உங்கண்ணனும் சேந்து என்னைத் தட்டிட்டீங்க" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அன்றிலிருந்து ஜோசெட் அறையில் படுத்தார். தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் காரில் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் உன்னிடம் ஒரு தங்கையாகத்தான் சொன்னேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் செய்ததும் நீ செய்ததும் ஒன்றுதான்.

போன வியாழக்கிழமை மதியம் கொல்லையில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். துளையிடும் மெஷினை வைத்துக்கொண்டு உன் படகின் அடியில் துளை போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று இரண்டு அல்ல, சல்லடையாக. என்ன செய்கிறீர்கள் என்றேன். "உங்கண்ணன் படகு. அவன் இதுலயே உக்காந்து மீன் புடிக்கட்டும்" என்றார். வியர்த்து வடிந்தது. அழுதாரா என்று தெரியவில்லை. எனக்கு அதைப் பார்த்து நிஜமாகவே திருப்தியாக இருந்தது. இன்னும் இரண்டு போடுங்கள் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

மறுநாள் காலை காப்பிக் கோப்பையோடு கொல்லைக்குப் போனவர் வேகமாக உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "டீனி, எவனோ ரெமி படகை நாசம் பண்ணிட்டான்டி. அடி பூரா ஓட்டை. உங்கண்ணனுக்கு உடனே ஃபோனைப் போடு. மச்சான் பாத்தா துடிச்சுப் போயிடுவான்" என்றார்.

மூன்று நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசாததையும் அவர் மறந்துவிட்டார். உன்மேல் கோபம் என்பதையும் மறந்துவிட்டார். அந்தப் படகு உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது மட்டும் நினைவில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளாக இருக்கும் என்று ஏதோ சொன்னேன். போலீஸில் சொல்ல வேண்டும் என்று கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார். நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். கையைப் பார்த்தார். துளை மெஷின் அழுத்தி விரலில் கொப்புளம் போட்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னாலேயே போகவில்லை.

இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியவில்லை என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருக்கிறது. நீ இவ்வளவும் செய்த பிறகும் எனக்குச் சொல்ல நீதான் இருக்கிறாய்.

நேற்று அந்த வடக்கத்தி அணி ஃபோன் செய்ததிலிருந்து அவர் வேறு ஆள். என் கையைப் பிடித்து அடுப்பங்கரை நாற்காலியில் உட்காரவைத்தார். "ஒரே ஒரு வருஷம் டீனி. நானா விடுறேன்னு சொல்லிட்டு விடணும். ஒருத்தன் வந்து கதவத் தட்டி முடியக்கூடாது" என்றார். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியுமா? ஏழு வயதிலிருந்து ஓடுகிற மனுஷன். பிறகு, "உங்கண்ணன்கிட்ட நீ கேளு. நான் கேக்க மாட்டேன். இந்தத் தடவையாவது வாயை மூடிக்கிட்டு, நல்லா இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. அத மட்டும் செஞ்சான்னா மத்ததெல்லாம் நான் மறந்துடுறேன்" என்றார். என் கையை விடவே இல்லை. நேற்று எங்கள் அறைக்கே வந்து படுத்தார்.

இதை எழுதும்போது அவர் வெளியே பெக்கான் மரங்களுக்கு நடுவில் ஓடிப் பழகிக்கொண்டிருக்கிறார். ஜோசெட் 'போ!' என்று கத்துகிறாள், அவர் பாய்கிறார். ஓர் எட்டுக் குறைந்துவிட்டதாம்! வந்து பார்க்கச் சொல் அந்த மேலாளரை. இன்னும் அவ்வளவு அழகாகத்தான் ஓடுகிறார், அண்ணா. கொஞ்சம் முன்னால் ஜன்னலில் வந்து நின்று, "எழுதிட்டியா?" என்றார். எழுதிக்கொண்டே இருக்கிறேன் என்றேன். "நல்லா கெஞ்சி எழுது" என்றார். கெஞ்சித்தான் எழுதுகிறேன் என்றேன். அது பொய் இல்லை.

கெஞ்சிக் கேட்கிறேன், ரெமி அண்ணா. அந்த அணிக்காரர் உன்னைக் கூப்பிடும்போது நல்லா இருக்கான் என்று சொல்லிவிடாதே. லஃபாயெட்டைச் சொல். திரைச்சீலையைச் சொல். பிளாஸ்திரியில் யார் எழுதிக்கொடுத்தது என்பதையும் சொல். படகைச் சொல். இந்த முறை மாடியில் ஒருவன் காதில் மட்டும் ஓதாமல், அவர்கள் அதைக் காகிதத்தில் எழுதிக்கொள்கிற மாதிரிச் சொல். எந்த ஊர் அணியும் இனி அவர் தலையில் ஹெல்மெட் மாட்டக்கூடாது. நான் சொன்னால் அவர்கள் கேட்க மாட்டார்கள், பெண்டாட்டி பயப்படுகிறாள் என்று சிரிப்பார்கள். நீ சொன்னால் கேட்பார்கள்.

அவரிடம் நான், நல்லா இருக்கான்னு சொல்லச் சொல்லித்தான் எழுதினேன், அவன் கேட்கவில்லை என்று சொல்லப்போகிறேன். ஜோசெட் முன்னாலேயே உன்னைத் திட்டப்போகிறேன். அவர் திட்டும்போது கூடச் சேர்ந்து திட்டுவேன். அவர் உன்னை முழுசாக வெறுத்துவிடுவார். அந்த வெறுப்பு என்மேல் விழுந்தால், அவர் எங்கோ ஓர் ஊரில் நின்று எதற்கு இங்கே வந்தேன் என்று கேட்கும்போது ஃபோனை எடுக்க ஆள் இருக்காது. அதனால் அதை நீ வாங்கிக்கொள். நான் உன்னிடம் இப்படிக் கேட்டேன் என்று சாகும்வரை யாரிடமும் சொல்லாதே. அவரிடம் மட்டுமல்ல, அம்மாவிடமும், ஃபாதரிடமும் சொல்லாதே. படித்ததும் இதைக் கிழித்துப்போடு.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ எங்களுக்குச் செய்தது துரோகம்தான், எத்தனை வருஷம் ஆனாலும் அதற்கு வேறு பெயர் கிடையாது. அதையே இன்னொரு தடவை செய் என்றுதான் கேட்கிறேன். நானாகக் கூப்பிடுகிறவரை இந்த வாசலுக்கு வராதே. கழுத்துக்கு ஒத்தடம் கொடுக்க மறக்காதே. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், உன் நாக்குக்குத் தைரியம் கொடுக்கட்டும். அவர்கள் கேட்டவுடனே சொல்லிவிடு. யோசித்து நிற்காதே, நின்றால் உனக்கு அவர்மேல் பாசம் வந்துவிடும்.

இப்படிக்கு,
டீனி